கடைசி ஆள்

டக், கணங், டிக். முதலில் ஸ்டாண்டின் கால் சிமெண்டுத் தரையில் விழும். பிறகு வண்டியைப் பின்னுக்கு இழுத்து ஏற்றும்போது தொய்ந்துபோன ஸ்பிரிங் அதிரும். ஒரு மூச்சு இடைவெளி. அதற்கப்புறம்தான் பின்சக்கரத்துப் பூட்டு, சாவி கழன்று என் வீட்டுக்காரர் கைக்கு வரும் அந்தச் சின்ன ஓசை. நேர், நிரை, நேர். கல்லூரியில் யாப்புப் படித்த காலத்திலிருந்து எதைக் கேட்டாலும் அசை பிரித்துப் பார்க்கிற பழக்கம் எனக்கு. குழாய்ச் சொட்டை, ரயிலை, பக்கத்து வீட்டுக்காரியின் இருமலைக்கூட விட்டதில்லை. முப்பத்தொரு வருஷம் பாளையங்கோட்டை வீட்டு வாசலில் இந்த மூன்றசை விழுந்தால் அவர் வந்துவிட்டார் என்று அர்த்தம், அடுப்பில் பாலை ஏற்றலாம் என்று அர்த்தம். இப்போது திருச்சியில், உறையூரில், பூட்டிக் கிடக்கும் மருந்துக் கடையின் படியில் உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்தில் நிற்கிற என் புதுச் சைக்கிளுக்கு ஒற்றைக் கால் ஸ்டாண்டு. காலால் தள்ளினால் சத்தமே இல்லாமல் சாய்ந்து நிற்கிறது, எதையும் சொல்ல விரும்பாத பிள்ளை மாதிரி. வாங்கும்போதே அதைத்தான் பார்த்து வாங்கினேன். மணி ஐந்தே முக்கால். ஆறு மணிக்கு அவர்கள் கிளம்புவார்கள். சாலைக்கு அந்தப் பக்கம் பூங்காவின் இரும்புக் கதவுக்கு முன்னால் சைக்கிள்களோடு கூடியிருக்கிறார்கள். நடுவில் இருப்பது நாற்பது அடிச் சாலை. அதைக் கடந்தால் நான் வருகிறேன், கடக்காவிட்டால் வரவில்லை, அவ்வளவுதான் விஷயம். கால் மணி நேரமாக அந்த நாற்பது அடியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

யாரையும் எனக்குத் தெரியாது. அதற்காகத்தானே வந்தேன். பருத்த ஒருவர் தலைக்கவசத்தைப் பின்முன்னாகப் போட்டுக்கொண்டு நிற்கிறார். "சார், ரிவர்ஸ்ல போறதா உத்தேசமா?" என்கிறாள் ஒரு பெண். "இவர் சைக்கிளுக்கு வரலம்மா, முக்கொம்பு மீன் வறுவலுக்கு வர்றார்" என்கிறது இன்னொரு குரல். "நீ மட்டும் அணையில தண்ணி அளக்கவா வர்ற? ஞாயித்துக்கிழமை வீட்ல இருந்தா ஒட்டடை அடிக்கச் சொல்லுவாங்கன்னு ஓடி வர்ற ஆளு" என்று பருத்தவர் திருப்பிக் கொடுக்கிறார். சிரிப்பு சாலையைத் தாண்டி என்னிடம் வருகிறது. முன்பின் தெரியாதவர்கள் சிரிக்கும்போது அதில் நமக்கு இடம் இருக்கிறதா இல்லையா என்று கண்டுபிடிக்க முடிவதில்லை. கழுத்தில் விசில் தொங்க ஒவ்வொரு டயராக அமுக்கிப் பார்க்கிறாரே, அவர்தான் குமரகுரு. போனில் பேசியிருக்கிறேன். இதே மருந்துக் கடையின் கண்ணாடியில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டேன். "தப்பா நினைக்காதீங்கம்மா, வயசு?" என்றார். அறுபத்தொன்பது என்றேன். "சைக்கிள் ஓட்டுவீங்கள்ல?" என்றார். "ஓட்டத் தெரியாமலா போன் பண்றேன்?" என்றதும் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு நன்றாக இருந்தது. அந்தச் சிரிப்பை நம்பித்தான் பெயர் கொடுத்தேன். என் தங்கை பியூலா கேட்டதும் போனிலேயே கத்தினாள். "ஏக்கா, முட்டுக்குக் கட்டுப் போட்டுக்கிட்டு முக்கொம்பு வரைக்குமா? விழுந்து வச்சா நான்லா வந்து தூக்கணும்." அவளும் பாவம். நேற்றுச் சாயங்காலம்வரை எனக்கு ஒரு தயக்கமும் இல்லை. அப்புறம் குமரகுருவின் செய்தி வந்தது. தண்ணீர் பாட்டில் கட்டாயம். யாரும் யாரையும் முந்த வேண்டாம். இந்த வாரக் கடைசி ஆள் ஷமீமா. திரும்பி வந்ததும் அவரவர் வீடு சேர்ந்து ஷமீமாவுக்கு ஒரு செய்தி அனுப்பவும். எல்லாருடைய செய்தியும் வரும்வரை அவள் குடமுருட்டிப் பாலத்தில் நிற்பாள். படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். இந்த ஊரிலும் இதே வழக்கமா என்று இருந்தது. உலகத்தில் அது பாளையங்கோட்டையில் மட்டும்தான் என்று ஏன் நினைத்துக்கொண்டிருந்தேன்?

அங்கே அனுப்ப வேண்டிய சொல் ஒன்றே ஒன்று. வீடு. இரண்டெழுத்து. ஞாயிற்றுக்கிழமை விடியும்போது கிளம்பி கிருஷ்ணாபுரம் வரை போய்த் திரும்பும் கூட்டம் அவருடையது. மின்வாரியத்திலிருந்து ஓய்வு பெற்ற மறு வாரமே சேர்ந்துவிட்டார். ஆசீர் சார் ஆசீர் சார் என்று அவர்களுக்கு உயிர். ஒவ்வொரு வாரமும் யாராவது ஒருவர் கடைசி ஆள். கடைசி ஆளுக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது என்பது சட்டம். ஆனால் அவருக்கு மட்டும் ஒரு சலுகை. திரும்பும் வழியில் குளத்துக் கரை மண்பாதையில் தனியாக இறங்கிவிடுவார், நாரை பார்க்க. அந்தப் பாதை சுற்றி வந்து, மெயின் ரோட்டிலிருந்து கிளை பிரியும் விலக்கில் ஏறும். கடைசி ஆள் விலக்கில் நிற்க வேண்டும். இருபத்தைந்து நிமிஷம் பார்த்துவிட்டு, வராவிட்டால் குளத்துக் கரையில் இறங்கித் தேட வேண்டும். சில நாள் அவர் விலக்குக்கு வராமலே வேறு சந்து வழியாக வீட்டுக்கு வந்துவிடுவார். அதற்குத்தான் அந்தச் சொல். அவர் போனை எடுத்துப் போக மாட்டார். சட்டைப் பையில் கிடந்து ஆடுகிறது, நாரை ஒற்றைக் காலைத் தூக்கும் நேரமாகப் பார்த்து மணியடிக்கிறது என்பார். ஆகவே வீட்டில் கிடக்கும் அவர் போனிலிருந்து அவருக்காகச் செய்தி அனுப்புவது என் வேலை. சமையலறையில் நிற்பேன், வாசலில் மூன்றசை கேட்கும், கையைத் துடைத்துக்கொண்டு அன்றைய கடைசி ஆளுக்கு வீடு என்று அனுப்புவேன். அவர் நேரே பின்கட்டுக்குப் போய்த் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து கால் கழுவுவார். நான் டீயைக் கொண்டுபோய்க் கொடுப்பேன். "இன்னிக்கு எத்தனை நாரை?" "ஏழு. ஒண்ணு உன்னை மாதிரி, முறைச்சுக்கிட்டே நிக்கி." ஒவ்வொரு சனிக்கிழமையும் கேட்பார், நீயும் வாயேன் ஹெப்சி, ஒரு நாளைக்கு. உங்க கூட்டத்துக்கு நடுவுல நான் எதுக்கு என்பேன். சின்ன வயதில் கல்லூரிக்கு சைக்கிளில் போனவள்தான் நான், மழையில் இரண்டு கையையும் விட்டு ஓட்டியவள். ஏன் போகவில்லை? சோம்பல்தான். அடுத்த வாரம் இருக்கிறதே என்ற எண்ணம்தான். வேறு காரணம் தேடித் தேடிப் பார்த்திருக்கிறேன், ஒன்றுகூட அகப்படவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கடைசி ஆள் இசக்கிராஜ். பாலிடெக்னிக்கில் லேப் அசிஸ்டென்ட், முப்பத்துநான்கு வயது, நின்ற இடத்தில் நிற்கிறவன் என்று அவரே சொல்வார். அன்று கோயிலில் திருவிருந்து ஆராதனை. ஆல்டருக்கு நந்தியாவட்டைப் பூ தருகிறேன் என்று சொல்லியிருந்தேன். பறித்து, தண்ணீர் தெளித்து, வாழை இலையில் பொதிந்து வராந்தாவில் வைத்துவிட்டு, மணியடிக்கிற கோயில்குட்டி ஞானமுத்துவிடம், "கூப்பிட வேண்டாம், எடுத்துட்டுப் போயிடுங்க" என்று முதல் நாளே சொல்லி வைத்திருந்தேன். சொன்னது நான். அதை மறந்ததும் நான். ஏழு மணி பன்னிரண்டு நிமிஷம். தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். வாசலில் டக். கணங். கையைத் துடைத்தேன், போனை எடுத்தேன், வீடு என்று அனுப்பினேன். மூன்றாவது ஓசைக்கு நான் காத்திருக்கவில்லை. ஒரு மூச்சு. ஒரே ஒரு மூச்சு நின்றிருந்தால் போதும். பூ எடுக்க வந்த ஆள் சைக்கிளைப் பூட்டுவாரா? ஞானமுத்துவின் சைக்கிளும் அதே காலத்து வண்டி, அதே மாதிரி தொய்ந்த ஸ்பிரிங். தேங்காயை முடித்தேன். டீ போட்டேன். ஏழரைக்கு டம்ளரோடு பின்கட்டுக்குப் போனால் துவைக்கிற கல் காய்ந்து கிடந்தது. அந்தக் கல்லின் நிறம் எனக்கு இன்னும் தெரியும், வெந்தும் வேகாத உளுந்தின் நிறம். வராந்தாவுக்கு ஓடினேன். பூ இல்லை. பூ இருந்த இடத்தில் ஈரம் மட்டும் வட்டமாக இருந்தது. அப்போதே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. இசக்கிராஜைக் கூப்பிட்டேன், அவன் அதற்குள் ஊரின் இன்னொரு மூலையில் தன் வீட்டுக்குப் போயிருந்தான். "அண்ணாச்சி வரலையாம்மா?" என்று மட்டும் கேட்டான். குளத்துக் கரையில் அவரைக் கண்டுபிடித்ததும் அவன்தான். சைக்கிளைப் பனையில் சாய்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாராம், நெஞ்சில் கை வைத்தபடி. ஆஸ்பத்திரியில் அந்த டாக்டர் தலையைக் குனிந்துகொண்டே, "ஒரு அரை மணி நேரம் முன்னாடி கொண்டு வந்திருந்தா" என்றார். கணக்குப் போட்டுப் பார்க்காத நாள் இல்லை எனக்கு. இசக்கிராஜ் விலக்கில் வந்து நின்றது ஆறு ஐம்பதுக்கு. என் செய்தி ஏழு பன்னிரண்டுக்கு. இன்னும் மூன்று நிமிஷத்தில் அவன் குளத்துக் கரையில் இறங்கியிருப்பான்.

மூன்று நிமிஷம். இந்தப் படியில் உட்கார்ந்து எத்தனை மூன்று நிமிஷம் போயிருக்கும்? எதிரே காற்றடிக்கும் பம்பின் ஓசை, ஹுஸ் ஹுஸ். குமரகுரு கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். நான் எதற்காக அவர்களோடு போக நினைக்கிறேன் என்று ஒழுங்காகக் கேட்டுக்கொள்ள வேண்டும். முட்டிக்கு நல்லது என்று பியூலாவிடம் சொன்னேன். பொய். அவர் கூப்பிட்டாரே, ஒரு நாளாவது போய்ப் பார்ப்போம் என்பதா? அதுவும் பாதி. என்னவென்றால், ஒருவர் சாலை ஓரத்தில் இன்னொருவருக்காக நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குப் பார்க்க வேண்டும். இருபத்திரண்டு நிமிஷம் அவன் எப்படி நின்றிருப்பான்? ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றிருப்பானா, நாரை மாதிரி? குளத்துப் பக்கம் எத்தனை தடவை எட்டிப் பார்த்திருப்பான்? போன் அதிர்ந்ததும் நிம்மதியாகத்தானே ஏறி மிதித்திருப்பான். அவருடைய அந்தப் பழைய போனை நான் இன்னும் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறேன். அதில் அந்தச் சொல் இருக்கிறது, பக்கத்தில் இரண்டு நீல டிக். அதற்குக் கீழே அவன் பதில்: சரிம்மா. சரி அண்ணாச்சி என்றில்லை. சரிம்மா. அனுப்பியது யார் என்று அவனுக்கு எப்போதுமே தெரியும். அதற்குப் பிறகு ஒன்பது வருஷமாக அந்தத் திரையில் எழுத்தே இல்லை.

அடக்கத்தன்று முற்றத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். அவருடைய தம்பி ஜெயசிங் இசக்கிராஜைச் சட்டையைப் பிடித்து நிறுத்தினார். "நிக்க வேண்டிய எடத்துல நிக்காம எங்கலே போன?" கூட்டம் திரும்பிப் பார்த்தது. நான் நான்கடி தள்ளிப் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன், சேலைத் தலைப்பை முக்காடாக இழுத்துக்கொண்டு. இசக்கிராஜ் என்னைப் பார்த்தான். அவன் பையில் போன் இருந்தது, எடுத்துக் காட்டினால் முடிந்தது. நந்தியாவட்டைப் பூவின் பச்சை வாசனை எனக்கு நினைவிருக்கிறது, யாரோ பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். அவன் தலையைக் குனிந்தான். "தப்புதான் சார். நான் நிக்காம போயிட்டேன்" என்றான். ஜெயசிங் கையை ஓங்கினார், யாரோ பிடித்தார்கள். நான் சொல்லியிருக்கலாம். அப்போது சொல்லியிருக்கலாம், நாற்பதாம் நாள் சொல்லியிருக்கலாம், வீட்டை விற்றுவிட்டுக் கிளம்பிய அன்றாவது சொல்லியிருக்கலாம். கணவனை இழந்தவளுக்கு ஊர் எவ்வளவு இரக்கம் காட்டுகிறது! அந்த இரக்கத்தை ஒவ்வொரு வாயாக வாங்கிச் சாப்பிட்டேன். அது அவனுடைய சாப்பாடு. கோயிலுக்குப் போனால் இடம் விட்டு உட்காரவைப்பார்கள். அவனைப் பார்த்தால் பேச்சை நிறுத்துவார்களாம். ஒரு சொல்லை அவசரமாக அனுப்பியது தவறுதல், அதை மனிதர்கள் மன்னித்துவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். அதற்கு அடுத்த மௌனத்துக்கு என்ன பெயர்? அசை பிரிக்கத் தெரிந்த எனக்கு அதற்கு ஒரு பெயர் வைக்கத் தெரியவில்லை.

எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம். இரண்டு தெரு. இட்லி ஊற்றிக்கொண்டு எட்டு மணி ஆராதனைக்குப் போகலாம். ஸ்டாண்டைத் தள்ளிவிட எழுந்தபோது சாலையைக் கடந்து ஒரு பெண் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள், தலையில் கறுப்புத் துணி, அதன்மேல் மஞ்சள் தலைக்கவசம். "நீங்கதானே ஹெப்சிபா மேடம்? நான் ஷமீமா. குமரகுரு சார் அப்பவே உங்களைப் பாத்துட்டாரு. அவங்களா வரட்டும், நீ போய்ப் பயமுறுத்தாதேன்னாரு. எனக்குத்தான் இருப்புக் கொள்ளல." முன்பல் இரண்டுக்கும் நடுவில் சின்ன இடைவெளி, அது சிரிப்பை இன்னும் பெரிதாக்கியது. ஆன்ட்டின்னு கூப்பிடலாமா என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் கூப்பிடவும் தொடங்கிவிட்டாள். "உங்க நம்பர் சொல்லுங்க ஆன்ட்டி. மெதுவாவே வாங்க, நான் உங்க பின்னாலதான் வருவேன். பாலம் வரைக்கும் வந்துட்டா நீங்க வீட்டுக்குப் போய் ஒரு கட்டை விரல் போட்டா போதும், நான் கிளம்பிடுவேன்." நம்பரைச் சொன்னேன். "கட்டை விரல் போட மாட்டேன்" என்றேன். குரல் என்னை அறியாமல் உயர்ந்துவிட்டது. அவள் விழித்தாள். "நானே போன் பண்ணுவேன். என் குரலைக் கேட்டுட்டுப் போ. வேற யார் என்ன அனுப்பினாலும் நம்பாத." "உங்க வீட்ல வேற யாரு ஆன்ட்டி இருக்காங்க?" "யாரும் இல்ல." "அப்புறம் யாரு அனுப்பப் போறா?" என்று சிரித்தவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

சொன்னேன். ஒன்பது வருஷம் வாய்க்குள் கிடந்ததைச் சொல்ல இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. பேரைத் தவிர வேறொன்றும் தெரியாத ஒரு பெண்ணிடம், பூட்டிய கடையின் முன்னால், சைக்கிள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு. தேங்காய், பூ, விலக்கு, மூன்று நிமிஷம், பந்தல். ஐயோ பாவம் என்பாள், ஆண்டவன் எழுதினது என்பாள், அழாதீங்க என்பாள் என்று எதிர்பார்த்தேன். நான் அழவில்லை. அவளும் அதில் ஒன்றையும் சொல்லவில்லை. பெடலைக் காலால் பின்னோக்கிச் சுற்றிக்கொண்டே நின்றாள். பிறகு கேட்டாள். "அந்த அண்ணன்கிட்ட பேசினீங்களா?" "யாரு?" "நின்னுக்கிட்டிருந்தவரு." "இல்ல." "சட்டையப் பிடிச்சாரே, அவர்கிட்டயாவது?" "இல்ல." "அவரு நம்பர் இருக்கா?" பழைய போனில் இருக்கிறது என்றேன். அவள் தலையாட்டினாள், கடைசி ஆளுக்கு உரிய விதத்தில், குறித்துக்கொண்டேன் என்பது போல. அந்தப் பக்கம் விசில் ஊதியது. "ஏய் ஷமீமா, என்ன அங்க குடும்பக் கதையா? ஆத்துல தண்ணி வத்திடப் போகுது!" என்று கத்தினார் தலைக்கவசத்தை இப்போது நேராகப் போட்டிருந்த பருத்தவர். "மீன் வறுபட இன்னும் நேரமிருக்கு, அடங்குங்க சார்!" என்று திருப்பிக் கத்திவிட்டு என்னிடம் மெல்லச் சொன்னாள். "வாங்க ஆன்ட்டி. எண்ண ஆரம்பிச்சுட்டாங்க."

நாற்பது அடியைக் கடந்தேன். கடந்தது எப்போது என்று தெரியவில்லை, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரிசையின் கடைசியில் நின்றிருந்தேன், அவ்வளவுதான். பதினாலு, பதினஞ்சு, பதினாறு என்று ஒவ்வொரு வாயாக எண் வந்துகொண்டிருந்தது. எனக்கு முன்னால் நின்றவர் பதினேழு என்றார். என் முறை. ஒரு மூச்சு நின்றேன். யாரும் அவசரப்படுத்தவில்லை. பதினெட்டு என்றேன். எனக்குப் பின்னால் ஷமீமா, "பத்தொம்பது, கடைசி" என்றாள். கிளம்பினோம். குடமுருட்டிப் பாலத்தில் ஏறும்போது முட்டி வலித்தது, ஆற்றிலிருந்து ஈரக் காற்று வந்தது, நாணலுக்குள் வெள்ளையாக ஏதோ நின்றது, நான் எண்ணவில்லை. அவள் மிதிக்காமல் சக்கரத்தை ஓடவிட்டுக்கொண்டு எனக்குப் பின்னாலேயே வந்தாள். டிக் டிக் டிக் டிக் என்று அந்தச் சின்ன ஓசை கேட்டுக்கொண்டே வந்தது. மத்தியானம் பழைய போனிலிருந்து இசக்கிராஜின் எண்ணைக் கூப்பிட்டேன். உபயோகத்தில் இல்லை என்றது. பிறகு ஜெயசிங்கைக் கூப்பிட்டேன், எல்லாவற்றையும் சொன்னேன். அப்புறம்தான் கேட்டேன், இசக்கிராஜ் எங்கே என்று. நாற்பதாம் நாள் கழிந்த வாரமே சைக்கிளை விற்றுவிட்டானாம். மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு விருதுநகர் போய்விட்டான். பாலிடெக்னிக்கில் அதே வேலை. வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர். நடந்துதான் போகிறான்.